நாரத்தை கடல் தாண்டிப் போய் ஆரஞ்சாகத் திரும்பிய கதை



சென்னையில் வேலை பார்க்கிற என் தங்கச்சி மகன் போன வாரம் போன்ல ஒரு கேள்வி கேட்டான். "மாமா, கடையில சாத்துக்குடி எல்லாம் பச்சையாவே இருக்கே, பழுக்காமலே பறிச்சிட்டு வந்துடுறாங்களா? வெளிநாட்டு ஆரஞ்சு மட்டும் எப்படி அப்படி நெறமா இருக்கு?"

டவுன்ல இருக்கிற நிறைய பேருக்கு இந்தச் சந்தேகம் இருக்கும். பதில் சின்னதுதான். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு போனால் எலுமிச்சை, நாரத்தை, சாத்துக்குடி, பம்பளிமாஸ் எல்லாம் எங்கிருந்து வந்தது, நம்ம வெயிலுக்கு எது தாங்கும், எது போய்ச் சேர்ந்தது என்று ஒரு பெரிய சரித்திரமே இருக்கிறது. எனக்குத் தெரிந்த மட்டும் எழுதுகிறேன்.

நிறம் வெயிலில் வராது, குளிரில் வரும்

மாம்பழம் மாதிரி, வெயில் அடிக்க அடிக்க ஆரஞ்சும் பழுத்து நிறம் மாறும் என்றுதான் நாம் நினைப்போம். உண்மை அதுக்கு நேர் எதிர். ராத்திரிக் குளிர் சுமார் 13 டிகிரிக்குக் கீழே இறங்கினால்தான் தோலில் இருக்கிற பச்சையம் கலைந்து, உள்ளே ஒளிந்திருக்கிற மஞ்சளும் சிவப்பும் வெளியே வரும். ஸ்பெயினிலும் கலிபோர்னியாவிலும் பகலில் நல்ல வெயில், ராத்திரியில் நல்ல குளிர். அதனால் அங்கே காய்க்கிற பழம் நிறமாக இருக்கிறது. நம்ம சமவெளியில் மார்கழியில்கூட அந்த அளவு குளிர் இறங்குவதில்லை. அதனால் சாத்துக்குடி உள்ளே முழுசாகப் பழுத்து இனித்தாலும் தோல் பச்சையாகவோ, பச்சையும் மஞ்சளும் கலந்தோ இருக்கும்.

பழுத்ததா என்று பார்க்க நிறத்தைப் பார்க்காதீர்கள். கையில் எடுத்துப் பாருங்கள். அளவுக்கு மீறி கனமாக இருந்தால் சாறு இருக்கிறது. தோல் வழுவழுப்பாக, கொஞ்சம் மினுமினுப்பாக இருந்தால் நல்லது. சொரசொரப்பாக, எடை இல்லாமல் இருந்தால் உள்ளே சக்கைதான்.

இந்தக் குடும்பத்தில் எல்லாருக்கும் வெயில் வேண்டும். ஆனால் எவ்வளவு வெயில், எவ்வளவு குளிர் என்பதில் ஒவ்வொருத்தருக்கும் ஒரு கணக்கு. தோல் சுலபமாக உரியும் கமலா ஆரஞ்சுக்கு மலைச்சரிவு வேண்டும். சாத்துக்குடிக்கு ராயலசீமை மாதிரி காய்ந்த பூமி போதும். பம்பளிமாஸ் ஈரக்காற்றுள்ள இடத்திலும் நன்றாக வரும். எலுமிச்சைக்கோ பனி ஆகவே ஆகாது. இந்தக் குடும்பத்தில் குளிருக்கு ரொம்பப் பயந்தவர்களில் நம்ம எலுமிச்சையும் ஒன்று. புளிப்புக் காய் என்பதால் இனிக்கவும் வேண்டாம், நிறம் ஏறவும் வேண்டாம். வெயிலும் அளவான தண்ணீரும் இருந்தால் வருஷம் முழுக்க ஏதாவது காய்த்துக்கொண்டே இருக்கும்.

நாலு மூத்தவர்கள்

இந்தக் குடும்பத்தின் பூர்வீகம் இமயமலையின் தென்கிழக்கு அடிவாரம். இன்றைய அசாம், வட பர்மா, சீனாவின் யுன்னான் இவை சேரும் இடம். யுன்னானில் சுமார் 80 லட்சம் வருஷத்துக்கு முந்தைய நாரத்தை இனத்து இலை பாறையில் பதிந்து கிடைத்திருக்கிறது. 2018-ல் விஞ்ஞானிகள் பல வகை மரங்களின் மரபணுவை வரிசைப்படுத்திப் பார்த்து வம்சாவளி எழுதினார்கள்.

அதன்படி இன்று நாம் சாப்பிடுவதில் முக்கால்வாசி நாலு மூத்தவர்களின் பிள்ளைகள். ஒன்று, சிட்ரான். நம்ம கிடாரங்காய் மாதிரி தோல் தடித்து, சாறு குறைந்தது. இரண்டு, பம்பளிமாஸ். மூன்று, மாண்டரின், அதாவது கமலா ஆரஞ்சு இனம். நாலாவது, பிலிப்பைன்ஸ் தீவுப் பக்கத்துக் காட்டு வகை ஒன்று.

மற்றதெல்லாம் இவர்களுக்குள் நடந்த சம்பந்தம்தான். பம்பளிமாஸும் மாண்டரினும் சேர்ந்து புளிப்பு ஆரஞ்சு. அதே இரண்டும் வேறு விதமாகப் பலமுறை கலந்து சாத்துக்குடி மாதிரியான இனிப்பு ஆரஞ்சு. புளிப்பு ஆரஞ்சும் சிட்ரானும் சேர்ந்து, வெளிநாட்டில் லெமன் என்று சொல்லும் மஞ்சள் நிற நீளக் காய். பிலிப்பைன்ஸ் காட்டு வகையும் சிட்ரானும் சேர்ந்து நம்ம எலுமிச்சை.

இங்கே ஒன்று கவனியுங்கள். பள்ளிக்கூடத்தில் நாம் எலுமிச்சை என்றால் லெமன் என்று படித்தோம். நம்ம ஊரில் மோருக்கும் ரசத்துக்கும் பிழிகிற உருண்டையான மெல்லிய தோல் பழம் லெமன் இல்லை, லைம். இரண்டும் பங்காளிகள், அண்ணன் தம்பிகூட இல்லை.

ஒரு சொல் போன தூரம்

இப்போ தலைப்புக்கு வருகிறேன்.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களின் பெயரை வரிசையாகச் சொல்லுவார். அதில் நரந்தம் ஒன்று. அதுக்கு நாரத்தம்பூ என்று உரை சொல்லுவார்கள். சங்கப் பாடல்களில் வேறு இடத்தில் நரந்தை என்று ஒரு வாசனைப் புல்லும் வரும். எதுவானாலும் அந்தச் சொல்லில் நறுமணம் இருக்கிறது. நாரத்தை மரத்தடியில் பூக்கிற காலத்தில் ஒரு சாயங்காலம் நின்று பார்த்தவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தமிழில் நாரத்தை, மலையாளத்தில் நாரங்ஙா, தெலுங்கில் நாரிஞ்ச. இந்தத் திராவிடச் சொல்தான் சமஸ்கிருதத்தில் நாரங்கம் ஆனது என்று மொழி ஆராய்ச்சிக்காரர்கள் சொல்கிறார்கள். அங்கிருந்து பாரசீகத்துக்குப் போய் நாரங், அரபியில் நாரஞ்ச், ஸ்பெயினில் நராஞ்சா. பிரெஞ்சுக்காரர்கள் வாயில் போனபோது முன்னால் இருந்த "ந" உதிர்ந்து போச்சு. அப்படியே இங்கிலாந்து போய் ஆரஞ்சு ஆனது. அப்புறம் வெள்ளைக்காரனோடு கப்பல் ஏறி இங்கே திரும்பி வந்தது. நாமும் நாரத்தை வேறு, ஆரஞ்சு வேறு என்று நினைத்து இரண்டு பெயரையும் வைத்துக்கொண்டோம். வீட்டை விட்டுப் போன பிள்ளை பேரை மாற்றிக்கொண்டு சூட் கோட்டோடு வந்து வாசலில் நின்றால் அடையாளம் தெரியுமா? அந்த மாதிரிதான்.

அரபு வியாபாரிகள் மேற்கே கொண்டுபோனது புளிப்பு ஆரஞ்சு. ஸ்பெயினில் முஸ்லிம் அரசர்கள் ஆண்ட காலத்தில் அரண்மனைத் தோட்டங்களிலும் மசூதி முற்றங்களிலும் அதை நட்டார்கள். செவில் நகரத்துத் தெருவெல்லாம் இன்றைக்கும் அந்த மரம்தான். அதை யாரும் உரித்துச் சாப்பிட மாட்டார்கள். வெள்ளைக்காரன் ரொட்டியில் தடவுகிற கசப்பு மார்மலேடு அந்தப் பழத்தில் செய்வது. நாம் உப்புப் போட்டு ஊறுகாய் ஆக்கினோம், அவன் சர்க்கரை போட்டு ஜாம் ஆக்கினான். கசப்பைச் சாப்பிட ஆளுக்கொரு வழி.

இனிப்பு ஆரஞ்சு ஐரோப்பாவில் பரவியது பிறகுதான். அதைப் பரப்பியதில் போர்ச்சுகீசியர்களுக்குப் பெரிய பங்கு. அதனால் அரபியில் இன்றைக்கும் இனிப்பு ஆரஞ்சுக்குப் பேர் புர்துகால், அதாவது போர்ச்சுகல். டச்சுக்காரர்கள் அதையே "சீன ஆப்பிள்" என்பார்கள். எந்த ஊர்க்காரன் கொண்டுவந்து கொடுத்தானோ அவன் பேரே பழத்துக்கு.

கப்பலில் வந்தவை

நம்ம பக்கமும் அப்படித்தான். பம்பளிமாஸ் என்ற பெயரைத் தமிழில் பிரித்துப் பொருள் பார்த்தால் ஒன்றும் வராது. அது டச்சுச் சொல், பொம்பெல்மூஸ். பழவேற்காடு, நாகப்பட்டினம், தூத்துக்குடி என்று நம்ம கடற்கரையில் டச்சுக்காரர்கள் வியாபாரம் செய்தார்கள். ஜாவாத் தீவில் படேவியா (இப்போ ஜகார்த்தா) அவர்கள் தலைமை இடம். வங்காளத்தில் இந்தப் பழத்தை "படாபி லேபு" என்பார்கள், அதாவது படேவியா எலுமிச்சை. ஒரே பழம், தெற்கே டச்சுப் பெயர், கிழக்கே டச்சுக்காரன் ஊர்ப் பெயர்.

சாத்துக்குடிக்கு வடக்கே மொசாம்பி என்று பேர். ஆப்பிரிக்காவில் போர்ச்சுகீசியர் ஆண்ட மொசாம்பிக் தேசத்தின் பெயர் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கிடாரங்காயைக் கடாரங்காய் என்றும் சொல்லுவோம். கடாரம் என்றால் மலேசியாவின் கெடா, 1025 வாக்கில் ராஜேந்திர சோழன் படை போன ஊர். பெரிய கொப்பரைக்கும் கடாரம் என்றுதான் பேர். காயின் அளவைப் பார்த்தால் அந்தப் பொருளும் பொருந்தத்தான் செய்கிறது.

எலுமிச்சைக்குப் பிடித்த வெயில்

இனி எங்க ஊர்க் கதை. மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் புளியங்குடிக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. புளியங்குடியை எலுமிச்சை நகரம் என்று சொல்லுவார்கள். அந்த மண்டியிலிருந்து காய் ராத்திரியோடு ராத்திரியாக மலை தாண்டிக் கேரளாவுக்குப் போகும். புளியங்குடி எலுமிச்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

எங்க தாத்தா காலத்தில் கமலை வைத்துத் தண்ணீர் இறைத்தார்கள். அப்போ கிணற்றடியில் வீட்டுக்கு இரண்டு எலுமிச்சை நின்றால் பெரிசு. மோட்டார் வந்த பிறகு எங்க அப்பா பருத்தியை விட்டுவிட்டு ஒன்றரை ஏக்கரில் எலுமிச்சை போட்டார். 18 அடிக்கு ஒரு மரம். நாலாவது வருஷத்திலிருந்து காய்.

எலுமிச்சைக்கு ஒரு சூட்சுமம் உண்டு. தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தால் இலை விடும், பூ விடாது. கொஞ்ச நாள் தண்ணீரை நிறுத்தி மரத்தை வாட்டவிட்டு, இலை லேசாகச் சுருளும்போது திரும்பத் தண்ணீர் கட்டினால் கொத்துக் கொத்தாகப் பூக்கும். மழை நின்று, வெயில் காய்ந்து, திரும்பத் தண்ணீர் கிடைக்கிற பூமிதான் இதுக்கு லாயக்கு. எங்க பக்கத்து வெயிலும் கிணற்றுத் தண்ணீரும் அதுக்குச் சரியாக அமைந்துவிட்டது.

விலையைப் பற்றிக் கேட்காதீர்கள். மழைக்காலத்தில் காய் குவிந்து கிடக்கும், பறிகூலிக்குக்கூடக் கட்டாது. கோடையில் டவுனில் ஜூஸ் கடை திறந்ததும் அதே காய் கைக்கு எட்டாத விலைக்குப் போகும். அந்தச் சமயம் மரத்தில் காய் இருக்காது. கோடையில் காய் பிடிக்கத் தெரிந்தவனே விவசாயி என்று எங்க அப்பா சொல்லுவார்.

இன்னொரு அதிசயம் விதையில் இருக்கிறது. மாங்கொட்டையைப் போட்டால் பல சமயம் தாய் மரம் மாதிரியே வராது, அதனால் ஒட்டுக் கட்டுகிறோம். ஆனால் ஒரு எலுமிச்சை விதையைப் போட்டால் சில சமயம் இரண்டு மூன்று முளை வரும். அதில் பெரும்பாலும் தாயின் உடம்பிலிருந்தே உருவாகிற முளைகள், மகரந்தம் கலக்காதவை. அப்படியே தாயை உரித்து வைத்தது மாதிரி இருக்கும். நாற்றங்காலில் ஒரே சீராக வருகிற கன்றை வைத்துக்கொண்டு, மாறுபட்டு நிற்பதைப் பிடுங்கிப் போட வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னதுக்குக் காரணம் இதுதான். ஆராய்ச்சி நிலையம் எதுவும் இல்லாத காலத்திலேயே விவசாயிகள் நல்ல ரகத்தைத் தலைமுறை தலைமுறையாக விதையிலேயே காப்பாற்றினார்கள்.

அப்படிக் காப்பாற்றியதில் ஒன்று கடையம் எலுமிச்சை. பாரதியாரின் செல்லம்மாள் பிறந்த அதே கடையம்தான். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பிகேஎம் 1 என்ற ரகம் இந்தக் கடையம் வகையிலிருந்து தேர்ந்தெடுத்தது. நர்சரியில் போய் பிகேஎம் 1 கன்று கேட்கிறவர்களில் நிறைய பேருக்கு இது பக்கத்து ஊர் எலுமிச்சையின் பிள்ளை என்று தெரியாது.

மாலுமிகளைக் காப்பாற்றிய காய்

புளிப்புக் காயின் மதிப்பை உலகத்துக்குக் காட்டியது கடல்தான். மாசக்கணக்கில் கடலில் போகிறவர்களுக்கு ஈறு வீங்கி, பல் ஆடி, பழைய புண்ணெல்லாம் திறந்து செத்துப்போகிற ஒரு நோய் வரும். ஸ்கர்வி என்று பேர். வாஸ்கோடகாமா 1498-ல் கோழிக்கோட்டிலிருந்து திரும்பிப் போகும்போது அரபிக்கடலைக் கடக்கவே ஏறக்குறைய மூன்று மாசம் ஆனது. அந்த ஒரு கடப்பில் சுமார் 30 பேர் செத்தார்கள். 1499 ஜனவரியில் ஆப்பிரிக்காக் கரையில் மலிந்தியில் இறங்கியதும் நோயாளிகளுக்காக ஆள் அனுப்பி ஆரஞ்சுப் பழம் வாங்கிவரச் சொன்னார்கள்.

1747-ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் டாக்டர் 12 நோயாளி மாலுமிகளை இரண்டு இரண்டு பேராகப் பிரித்து ஆறு விதமான வைத்தியம் செய்தார். ஒரு ஜோடிக்குக் கடல் தண்ணீர், ஒரு ஜோடிக்கு வினிகர், இப்படி. ஆரஞ்சும் லெமனும் கிடைத்த இரண்டு பேர் ஒரு வாரத்துக்குள் தேறினார்கள். 1753-ல் புத்தகமாகவும் எழுதினார். ஆனால் ஆங்கிலேயக் கடற்படை லெமன் சாற்றை எல்லாருக்கும் கொடுக்க உத்தரவு போட்டது 1795-ல்தான். கண்ணால் கண்ட விஷயம் ஆபீசுக்குள் நுழைய நாற்பத்தெட்டு வருஷம்.

அதுக்கப்புறம் ஒரு கூத்து நடந்தது. 1860-களில், தங்கள் ஆட்சியில் இருந்த மேற்கிந்தியத் தீவுகளில் மலிவாகக் கிடைக்கிறதே என்று லெமனை விட்டுவிட்டு லைம் சாற்றுக்கு மாறினார்கள். அந்த லைம் நம்ம எலுமிச்சை இனம்தான், நம்ம கண்டத்திலிருந்து அரபு நாடு, ஸ்பெயின் வழியாக அங்கே போய்ச் சேர்ந்தது. நல்ல காய்தான், ஆனால் லெமனில் இருக்கிற சி வைட்டமினில் ஏறக்குறைய பாதிதான் இதில். அதையும் பிழிந்து, செம்புக் குழாய்களில் விட்டு, மாசக்கணக்கில் வைத்திருந்தால் என்ன மிஞ்சும்? 1875-ல் வடதுருவம் நோக்கிப் போன ஆங்கிலேயக் கப்பல்களில் லைம் சாறு இருந்தும் ஸ்கர்வி வந்தது. எலுமிச்சையை அப்போதே பிழிந்து அப்போதே குடிக்க வேண்டும். பாட்டில் சாறு வாங்குகிறவர்கள் இந்தக் கப்பலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மலையில் அழிந்த ஆரஞ்சு

இதுவரை சொன்னது பெருமை. இனி சொல்லப் போவது பயம்.

கொடைக்கானல் கீழ்மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் ஒரு காலத்தில் காப்பிக்கு நடுவே கமலா ஆரஞ்சு காய்த்துக் குலுங்கியது. கோவேறு கழுதையிலும் தலைச்சுமையிலும் கூடை கூடையாக இறங்கியதைப் பார்த்த பெரியவர்கள் இருக்கிறார்கள். இன்றைக்கு அங்கே போனால் காப்பி, மிளகு, மலைவாழை. ஆரஞ்சு தேடித்தான் பார்க்க வேண்டும். குடகிலும் இதே கதைதான்.

மரம் நுனியிலிருந்து காய்ந்து வரும். இலை திட்டுத் திட்டாக மஞ்சள் ஆகும். காய் சிறுத்து, கோணலாகி, ஒரு பக்கம் பச்சையாகவே நிற்கும். மண் சத்து போச்சு, தண்ணீர் சரியில்லை என்றெல்லாம் ரொம்ப காலம் நினைத்தார்கள். 1966-ல் இந்தியா வந்து தோட்டங்களைப் பார்த்த லிலியன் பிரேசர் என்ற ஆஸ்திரேலிய விஞ்ஞானி, இதுக்குப் பெரிய காரணம் கிரீனிங் என்ற தொற்று நோய் என்று சொன்னார். சீனாவில் இதுக்கு "மஞ்சள் தளிர் நோய்" என்று பேர். எள்ளு அளவு இருக்கிற சைலிட் பூச்சி, தளிரில் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்து சாறு உறிஞ்சும். அதுதான் நோயை மரத்துக்கு மரம் கொண்டுபோகிறது. நோய்க் கிளையை வெட்டி ஒட்டுக் கட்டினால் மனுஷனும் கொண்டுபோகிறான். கறிவேப்பிலையும் இதே குடும்பம்தான், அதிலும் அந்தப் பூச்சி குஞ்சு பொரிக்கும். நோய்க்கு இன்றுவரை மருந்து இல்லை.

நம்ம ஊரில் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் புளோரிடா மாநிலம் ஆரஞ்சு ஜூசுக்கே பேர் போனது. 1998-ல் அந்தப் பூச்சி போய்ச் சேர்ந்தது. 2005-ல் நோய் தென்பட்டது. 2003-04-ல் 24 கோடி பெட்டி ஆரஞ்சு எடுத்த மாநிலம் 2023-24-ல் எடுத்தது 2 கோடிப் பெட்டிக்கும் குறைவு. அவ்வளவு பணம், அவ்வளவு ஆராய்ச்சி, அவ்வளவு மருந்து இருந்தும் அந்த கதி.

ரங்பூர் காய் சொன்ன பாடம்

இதுக்கு முன்னாலேயே இன்னொரு நோய் தென் அமெரிக்காவை அழித்தது. பேர் டிரிஸ்டேசா. அவர்கள் மொழியில் சோகம் என்று அர்த்தம். அந்தக் காலத்தில் பிரேசிலிலும் அர்ஜென்டினாவிலும் ஆரஞ்சு மரங்கள் எல்லாம் புளிப்பு ஆரஞ்சு வேரில் ஒட்டுக் கட்டியவை. தண்ணீர் தேங்கினாலும் தாங்கும் நல்ல வேர் என்று எல்லாரும் அதையே வைத்தார்கள். 1930-களில் அசுவினிப் பூச்சி மூலம் அந்த வைரஸ் வந்தது. குறிப்பாக அந்த வேரில் நிற்கிற மரம்தான் அதுக்குப் பலி. லட்சக்கணக்கான மரம் நின்ற இடத்திலேயே காய்ந்தது.

பிரேசிலைத் தூக்கி நிறுத்தியது எது தெரியுமா? ரங்பூர் லைம் என்ற ஒரு நாட்டுக் காய். ரங்பூர் இப்போ பங்களாதேஷில் இருக்கிறது. பார்க்க ஆரஞ்சு மாதிரி சிவப்பாக இருக்கும், வாயில் வைத்தால் புளிப்பு. சந்தையில் பெரிசாக விலை போகாத காய். ஆனால் அதன் வேர் டிரிஸ்டேசாவையும் தாங்கும், வறட்சியையும் தாங்கும். சாவோ பாலோ மாநிலத்துத் தோட்டங்கள் அந்த வேரில் திரும்ப எழுந்து, பிரேசில் உலகத்துக்கே ஆரஞ்சு ஜூஸ் ஏற்றுமதி செய்கிற நாடானது.

கதை அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிரேசில்காரர்கள் அடுத்து எல்லாத் தோட்டத்திலும் ரங்பூர் வேரையே வைத்தார்கள். 2000-ஐ ஒட்டி "திடீர்ச் சாவு" என்று ஒரு புது நோய் வந்தது. அது தாக்கியது ரங்பூர் வேரில் நின்ற மரங்களை. திரும்பவும் வேறு வேர் தேடி ஓட வேண்டியதாயிற்று.

புளிப்பு ஆரஞ்சு வேரும் கெட்டதில்லை, ரங்பூர் வேரும் கெட்டதில்லை. ஊர் முழுக்க ஒரே வேர், ஒரே ரகம் என்று வைத்ததுதான் ஆபத்து. ஒரு வீட்டில் தீப்பிடித்தால் வரிசையாகக் கூரை வீடாகவே இருக்கிற தெருவில் என்ன ஆகும், அதுதான்.

இப்போ எங்க தோட்டத்தில்

எங்க ஒன்றரை ஏக்கரிலும் மரங்கள் வயசாகி, நுனி காய்ந்து, ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன. இலையில் சொறி நோயும் உண்டு. முப்பதுக்கு மேல் குழி காலியாக இருக்கிறது. பக்கத்துத் தோட்டங்களில் எலுமிச்சையை வெட்டிவிட்டு மனை போட்டவர்களும் உண்டு. என் மகன்கூட, "அப்பா, திரும்ப வைக்கிறதுன்னா ஒரே ரகமா வைங்க, பராமரிக்கச் சுலபம்" என்கிறான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒரே சமயத்தில் பூத்து ஒரே சமயத்தில் காய்த்தால் பறிகூலி மிச்சம்.

ஆனால் மேலே சொன்ன சரித்திரத்தைப் படித்த பிறகு எனக்கு மனசு வரவில்லை. பாதிக் குழிக்கு பிகேஎம் 1. திருப்பதி ஆராய்ச்சி நிலையத்தின் பாலாஜி ரகம் சொறி நோயைக் கொஞ்சம் தாங்கும் என்பதால் அதில் சில. மீதிக்கு எங்க அப்பா வைத்த மரத்தில் இன்னும் இலை பச்சையாக நிற்கிற நாலு மரத்து விதையில் நானே போட்ட நாற்று. ஒட்டுக் கன்று வாங்கும்போது கீழே என்ன வேர் என்று கேட்டுத்தான் வாங்குகிறேன். வேலியோரம் இரண்டு நாரத்தை, ஒரு கிடாரங்காய்.

எங்க ஆச்சி இருந்தவரை வீட்டில் நாரத்தங்காய் ஜாடி காலியானதே இல்லை. காய்ச்சல் வந்து வாய் கசந்து கிடக்கிறவனுக்குக் கஞ்சியும் அதில் ஒரு துண்டும்தான். தெருவில் ஏழெட்டு வீட்டில் மரம் நின்றது. இன்றைக்கு எங்க தெருவில் ஒரு மரம்கூட இல்லை. யாரும் அதை அழிக்க வேண்டும் என்று அழிக்கவில்லை. வீடு பெரிசாகக் கட்டினார்கள், கொல்லை போச்சு. காயை யாரும் கேட்கவில்லை, கன்று போட ஆள் இல்லை. இப்படித்தான் ஒரு வகை சத்தமில்லாமல் போகிறது. நாளைக்கு ஏதாவது ஒரு நோய் வந்து, "அந்த வேர் வேண்டும்" என்று ஆராய்ச்சிக்காரர்கள் தேடி வரும்போது கொடுக்க நம்மிடம் மரம் இருக்க வேண்டாமா?

டவுனில் இருக்கிற நீங்கள் மரம் வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, இடம் இருந்தால் வையுங்கள். முடியாதவர்கள் ஒரு காரியம் செய்யலாம். காய்கறிக் கடையில் நாரத்தங்காய் இருக்கா, கிடாரங்காய் இருக்கா என்று கேளுங்கள். இன்றைக்கு இல்லை என்பார்கள். நாலு பேர் கேட்டால் அஞ்சாம் நாள் கடைக்காரர் மண்டியில் கேட்பார். மண்டியில் கேட்டால் எங்க காதுக்கு வந்துவிடும். கேட்க ஆள் இருந்தால் காய்க்க மரம் இருக்கும்.

காய் கிடைத்தபின் என்ன செய்வது என்று தெரியாதவர்களுக்காக, சுருள் சுருளாக நறுக்கி உப்பு அடைத்து வெயிலில் வைக்கிற எங்க ஆச்சி பக்குவத்தை அடுத்த பதிவில் எழுதுகிறேன்.